பருவத்துக்கு முன்பே சினையான இளம்பன்றி: பார்த்த நாளிலிருந்து அடுத்த சேர்க்கை வரை

வாங்கிவந்த குட்டிகளை ஒரே கொட்டிலில் விட்டு வளர்க்கிறீர்கள். நாலைந்து மாதம் ஆகிறது. ஒரு நாள் காலை தீவனம் போடப் போனால், ஆண் குட்டி பெட்டையின் மேல் ஏறி நிற்கிறது. சிலர் அதைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, பெட்டையின் வயிறு இறங்கியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். அந்த நிலையில் இன்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம். காப்பியும் மலைவாழையும்தான் பிழைப்பு. கூடவே இருக்கட்டும் என்று இரண்டு மாத வெண்பன்றிக் குட்டிகள் நான்கு வாங்கினோம். மூன்று பெட்டை, ஒரு ஆண். கறிக்கு வளர்த்து விற்பதாகத்தான் எண்ணம். ஆணுக்குக் காயடிக்கவில்லை, தனியாகப் பிரிக்கவும் இல்லை. ஐந்தரை மாதத்தில் மூன்று பெட்டைகளும் சினை. ஒன்றுக்கு டாக்டர் சினையைக் கலைத்தார். ஒன்று நல்லபடியாக ஈன்று இன்றும் கொட்டிலில் நிற்கிறது. இன்னொன்று ஈனும்போது என் கண் முன்னால் செத்துப்போனது. அது சாக வேண்டிய பன்றி இல்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

1. முதலில் ஆணைப் பிரியுங்கள், அன்றைய தேதியை எழுதுங்கள்

யோசிப்பதெல்லாம் அப்புறம். பார்த்த அந்த நிமிடமே ஆணை வேறு கொட்டிலுக்கு மாற்றுங்கள். நடுவில் மரச்சட்டம் மட்டும் இருந்தால் போதாது. நாலடிக்குக் குறைந்த சுவரை ஆண் பன்றி தாண்டிவிடும்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து மூன்று தேதிகளை எழுதுங்கள்: சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த தேதி, ஆணைப் பிரித்த தேதி, இவை ஒன்றாக இருந்த காலத்தில் ஆணுக்கு ஐந்து மாதம் நிறைந்த தேதி. ஆண் குட்டி நாலு மாதத்திலேயே ஏறி விளையாடும். சினை பிடிக்க வைக்கும் திறன் பொதுவாக ஐந்து, ஆறு மாதத்தில்தான் வரும். ஆகவே சினை பிடித்திருக்கக்கூடிய முதல் நாள் மூன்றாவது தேதிக்குப் பக்கத்திலும், கடைசி நாள் பிரித்த தேதியிலும் இருக்கும். நாட்டு ரத்தம் கலந்த குட்டிகள் இன்னும் சீக்கிரம் பருவத்துக்கு வரும். அவற்றுக்கு ஒரு மாதம் முன்தள்ளியே கணக்குப் போடுங்கள்.

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“என்னைக்கும்மா சேர்ந்துச்சு?”

“ஒண்ணை மட்டும் இருபதாந்தேதி பார்த்தேன் சார். மத்ததெல்லாம் தெரியல.”

“தேதி தெரியலன்னா எப்ப ஈனும்னு நான் எப்படிச் சொல்றது?”

அன்றைக்கு அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியவில்லை. நவம்பர் கடைசியில் புரிந்தது.

பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். இரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று வாய்க்கணக்கு சொல்வார்கள். 31 நாள் உள்ள மாதங்கள் நடுவில் வந்தால் அந்தக் கணக்கு இரண்டு நாள் தள்ளிப்போகும். காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள். ஆகஸ்ட் 20-இல் சேர்ந்தது டிசம்பர் 12-இல் ஈன வேண்டும். தேதி தெரியாத பெட்டைக்கு, சாத்தியமான முதல் நாளை வைத்தே எல்லா ஏற்பாட்டையும் செய்யுங்கள். பத்து நாள் காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. பத்து நாள் பிந்தினால் உயிர் போகும்.

2. எடையும் வயதும் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்

வெண்பன்றிப் பெட்டை முதன்முதலாகப் பருவத்துக்கு வருவது ஆறு, ஏழு மாதத்தில். சில ஐந்திலேயே வந்துவிடும். ஆனால் சேர்க்க வேண்டிய வயது எட்டு மாதம், எடை 100 கிலோவுக்கு மேல், அதுவும் இரண்டாவது மூன்றாவது பருவத்தில் (ஆணை ஏற்கும் நாட்களில்). இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் அதன் இடுப்பெலும்பு விரிகிறது, எலும்பு உறுதியாகிறது, மடி வளர்கிறது. முன்பே சினையானால், தான் வளரவும் குட்டிகளை வளர்க்கவும் தின்கிற ஒரே தீவனத்தைத்தான் அது பங்கு போட வேண்டும்.

தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை முதுகின் மேல் ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 14,430-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எடை கிலோவில் வரும். சுற்றளவு 100, நீளம் 110 என்றால் 76 கிலோ. காலையில் தீவனத்துக்கு முன், தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். தலை குனிந்திருந்தால் நீளம் கூடிவிடும்.

எங்கள் மூன்றும் 48, 68, 74 கிலோ இருந்தன.

3. சினைதானா என்று உறுதிசெய்யுங்கள்

ஏறினதெல்லாம் சினை ஆகாது. பன்றிக்குப் பருவச் சுழற்சி 21 நாள். 18 முதல் 24 வரை போகலாம். சேர்ந்த நாளிலிருந்து 18-ஆம் நாள் தொடங்கி ஒரு வாரம், காலையும் மாலையும் பத்து நிமிடம் கொட்டில் முன்னால் நில்லுங்கள். அறை (பிறப்புறுப்பு) சிவந்து தடித்திருக்கிறதா, மற்றதன் மேல் ஏறுகிறதா, முதுகை இரு கையால் அழுத்தினால் காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பருவத்துக்கு வந்திருக்கிறது, சினை இல்லை. 42-ஆம் நாள் பக்கம் இன்னொரு முறை இதேபோல் பார்க்க வேண்டும். ஸ்கேன் வசதி கிடைத்தால் 30 நாளுக்கு மேல் நன்றாகத் தெரியும்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. மழைக்காலத்தில் மக்காச்சோளம் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தில் உண்டாகும் ஒருவகை நஞ்சு பருவ ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். பருவத்துக்கே வராத குட்டிக்கும் அறை வீங்கும், மடி கனக்கும். சினைப் பன்றிக்கோ ஆரம்ப நாட்களில் கரு தங்காமல் போகலாம். மூட்டையில் கையை விட்டுப் பாருங்கள். மண்வாடை அடித்தால், கட்டி கட்டியாக இருந்தால், எந்தப் பன்றிக்கும் போடாதீர்கள். வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

4. வைத்துக்கொள்வதா, கலைப்பதா

இது டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. எனக்குப் புரிந்த அளவில் கணக்கு இப்படி:

ஆறு மாதத்தைத் தாண்டி 80 கிலோவுக்கு மேல் இருந்தால், நன்றாகத் தீனி போட்டு ஈனவிடலாம். ஈனும்போது பத்து மாதம் ஆகியிருக்கும். ஐந்து மாதம்கூட ஆகாமல் 50 கிலோவுக்குக் கீழே இருந்தால், கலைப்பதுதான் அந்த உயிருக்கு நல்லது. நடுவில் இருப்பவைதான் குழப்பம். கூட இருந்த ஆண் அதே ஈத்துச் சகோதரனாக இருந்தால், குட்டிகள் சிறுத்தும் ஊனமாகவும் பிறக்கும் ஆபத்தையும் தராசுத் தட்டில் வையுங்கள்.

கலைப்பதற்கு டாக்டர் போடுவது புரோஸ்டாகிளாண்டின் வகை ஊசி. அதன் நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மாடு மாதிரி இல்லை. பன்றிக்குச் சேர்ந்த முதல் 12 நாளுக்குள் போட்டால் அது பலிக்காது. பதறிப்போய் மறுநாளே ஊசி கேட்டு ஓடுவது வீண். ஆணைப் பிரித்து குறைந்தது 14 நாள் கழித்துப் போனால், எந்த நாள் சேர்ந்திருந்தாலும் 14 நாள் தாண்டியிருக்கும். அதே நேரம், 40 நாளுக்கு மேல் தள்ளவும் கூடாது. குட்டிகளுக்கு எலும்பு பிடித்த பிறகு கலைப்பது பன்றிக்குப் பெரும் வேதனை. கலைந்த சில நாளிலேயே அது மறுபடி பருவத்துக்கு வரும், ஆகவே ஆண் பக்கத்திலேயே வரக்கூடாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் ஊசியையோ பாட்டிலையோ தொடவே கூடாது. பன்றியைப் பிடித்துக்கொள்ளக்கூட அவர்களைக் கூப்பிடாதீர்கள். மெடிக்கலில் வாங்கி நீங்களே போடுகிற வேலையும் வேண்டாம்.

எங்கள் 48 கிலோ பெட்டைக்கு, பிரித்த மூன்றாவது வாரத்தில், மறுபருவம் வரவில்லை என்று உறுதியான பிறகு போட்டார்கள். ஊசி, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய் ஆனது. பதினைந்து நாளில் பழையபடி தின்னத் தொடங்கிவிட்டது.

‘சினைதானே, கறிக்கடைக்குத் தள்ளிவிடு’ என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். சினையான விலங்கையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி உள்ள தாயையும் அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

5. காகிதங்கள்: சோம்பல்படாமல் இப்போதே சேருங்கள்

இதை வேண்டாத வேலை என்று நான் தள்ளிப்போட்டேன். பன்றி செத்த பிறகு கையில் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

ஒரு பிளாஸ்டிக் கவரில் இவை இருக்கட்டும்: குட்டி வாங்கிய ரசீது (இல்லாவிட்டால் விற்றவர் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத்தாள்), கால்நடை மருந்தகத்தின் ஓ.பி. சீட்டுகள், எந்தத் தேதியில் எந்த ஊசி என்ற குறிப்பு, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட விவரம், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், காதுத் தோடு (காதில் அடிக்கும் அடையாள வில்லை) எண் தெரியும்படி எடுத்த புகைப்படம். கொட்டிலுக்கு ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகலும்.

தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் பன்றியும் சேரும். பிரீமியத்தில் விவசாயி கட்ட வேண்டியது 15 சதவீதம் என்று 2024-இல் குறைத்தார்கள். காதில் தோடு அடித்து, டாக்டர் உடல்நலச் சான்று கொடுத்த பிறகுதான் பாலிசி. செத்துப்போனால் தோடும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். புதைத்துவிட்டுப் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. சினைக்காலத்தில் பாலிசி எடுக்க முடியுமா என்று மருந்தகத்தில் கேட்டுவிட்டு, முடிந்தால் அன்றே எடுங்கள்.

சினையாக இருக்கும்போது எந்தத் தடுப்பூசியையும் நீங்களாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம். சினை எத்தனை நாள் என்று சொல்லி, டாக்டர் சரி என்றால் மட்டும். ‘எல்லாப் பன்னிக்கும் ஒரே ஊசி’ என்று கூட்டமாகப் போடும் நாளில் இந்தப் பெட்டை சினை என்று தனியாகச் சொல்லுங்கள்.

6. தீனி: வளரும் பிள்ளைக்கும் தாய்க்கும் சேர்த்து

பெரிய தாய்ப்பன்றிக்குப் போடுவதைக் குறைத்து இதற்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உருவம் சிறியதுதானே என்று நினைக்கிறோம். நேர் எதிர். இதற்குப் புரதமும் தாது உப்பும் கூடுதலாகத் தேவை.

நான் 100 கிலோ தீவனத்துக்குக் கலந்தது: உடைத்த மக்காச்சோளம் 50, கோதுமைத் தவிடு 31, சோயாப் புண்ணாக்கு 16, தாது உப்புக் கலவை 2.5, சாப்பாட்டு உப்பு அரைக் கிலோ. புரதம் 16 சதவீதத்துக்கு வரும். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும், வளரும் பன்றிக்கு வேண்டிய லைசின் என்ற புரதக்கூறு அதில் குறைவு. அதையே முழுக்க நம்பாதீர்கள். வத்தலக்குண்டிலிருந்து மேலே கொண்டுவரும் வண்டிக்கூலியோடு கிலோ 32 ரூபாய் விழுந்தது.

முதல் மாதம் நாளுக்கு 2 கிலோ. அதற்கு மேல் அள்ளிப்போட்டால் கரு தங்குவது குறையலாம். இரண்டாவது மாதத்திலிருந்து 2.3, 2.5 கிலோ. கடைசி மூன்று வாரம் 2.5 முதல் 3 கிலோ வரை, உடம்பைப் பார்த்து. மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் மாதிரிக் குளிர் ஊர்களில், மார்கழி தை மாதங்களில் கால் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் படுத்திருக்கும் பன்றி தின்பதில் ஒரு பங்கைச் சூட்டுக்கே எரித்துவிடும்.

முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. உள்ளங்கையால் அழுத்தினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தியும் தட்டுப்படவில்லை என்றால் கொழுத்துவிட்டது. கொழுத்த இளம்பெட்டைக்கு ஈனும் பாதை இன்னும் நெருக்கமாகும். ஒல்லியாக விடுவதும் ஆபத்து, ‘பாவம், சின்னப்பிள்ளை’ என்று கொட்டிக் கொட்டி வளர்ப்பதும் ஆபத்து.

114 நாளுக்கு ஒரு பன்றிக்கு ஏறக்குறைய 270 கிலோ தீவனம், என் கணக்கில் 8,700 ரூபாய். கழிவுக் கேரட், சௌசௌ, கோஸ் இலை எல்லாம் மலையில் சும்மாவே கிடைக்கும். வயிறு நிறையும், மலம் இளகும், ஆனால் அவற்றில் புரதம் கிடையாது. அடர்தீவனத்துக்கு மேல் கொஞ்சம் போடலாம். மருந்தடித்த தோட்டத்து இலை வேண்டாம். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும் முளைவிட்டதும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

ஓட்டல் மிச்சத்தைச் சினைப் பன்றிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடைக்கானலில் சீசனுக்கு வாளி வாளியாகக் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. மனிதருக்கு அது வராது, ஆனால் கொட்டிலுக்குள் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. பன்றிக்கறி கலந்த எச்சில் உணவு அதற்கு ஒரு வழி. மற்றப் பன்றிகளுக்கு வேறு வழியே இல்லாமல் கொடுப்பவர்கள், ஒரு மணி நேரம் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுங்கள்.

தண்ணீர் நாளுக்கு 10, 12 லிட்டர் குடிக்கும். விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் குடிக்காது, மலம் கட்டும். வெதுவெதுப்பாக்கி வையுங்கள்.

7. ஈனும் கொட்டில்: 100-ஆவது நாளுக்குள் தயார்

எட்டடிக்குப் பத்தடி போதும். சுவரை ஒட்டி, தரையிலிருந்து முக்காலடி உயரத்தில், சுவரிலிருந்து முக்காலடி தள்ளி ஒரு குழாயோ சவுக்குக் கம்போ சுற்றிலும் கட்டுங்கள். தாய் சரிந்து படுக்கும்போது குட்டிகள் நசுங்காமல் ஒதுங்க அந்த இடைவெளி வேண்டும். முதல் ஈத்துப் பெட்டைக்குப் படுக்கவே தெரியாது, தொப்பென்று விழும்.

ஒரு மூலையில் குட்டிகள் மட்டும் நுழையும்படி பலகை அடித்து, உள்ளே காய்ந்த மரச்சீவல் அல்லது வைக்கோல். சிமெண்டுத் தரையில் வெறும் சாக்கு விரிப்பது மலைக்கு ஆகாது. பிறந்த குட்டிக்கு முதல் சில நாள் 32, 34 டிகிரி சூடு வேண்டும். கொடைக்கானலில் டிசம்பர் இரவில் வெளியே 10 டிகிரிக்குக் கீழே போகும். இன்ஃப்ராரெட் பல்பு ஒன்று, குட்டி நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில், சங்கிலியில் தொங்கட்டும். 250 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் ஆறு யூனிட். ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். வைக்கோல் மேல் விழுந்தால் கொட்டிலே எரியும்.

கரண்ட் போகும். காற்றடித்தால் மரம் விழுந்து இரண்டு நாள்கூட வராது. வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வைக்கத் தயாராக இருங்கள். மூடிய கொட்டிலுக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள், அந்தப் புகை குட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் ஆளையும் சேர்த்துக் கொல்லும்.

ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்னால் குடற்புழு மருந்து, டாக்டர் சொல்லும் அளவில். ஒரு வாரம் முன்னால் தாயை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, புதுக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். கடைசி நாளில் மாற்றினால் மிரளும்.

8. ஈனும் இரவு

காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஈனும். வைக்கோலை வாயில் கவ்வி மூலையில் சேர்க்கும், எழுந்து எழுந்து படுக்கும். அன்றைக்குத் தீனி கொஞ்சம்தான், தவிட்டுக் கஞ்சி போதும்.

முதல் குட்டி வந்த பிறகு சாதாரணமாகப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும். மொத்தம் இரண்டு முதல் ஐந்து மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். முக்கி முக்கி 45 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இருக்கட்டும், விடியட்டும் என்று நினைக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. மலைக்கு வண்டி ஏறிவர நேரமாகும் என்பதால், 110-ஆவது நாளிலேயே டாக்டரிடம் ‘இந்த வாரம் ஈனும், சின்னப் பெட்டை’ என்று சொல்லிவையுங்கள். ராத்திரி வரக்கூடிய ஜீப்காரர் ஒருவரிடமும் பேசிவையுங்கள்.

எங்கள் 68 கிலோ பெட்டை, தேதி தெரியாதது, நவம்பர் 28 இரவில் ஈனத் தொடங்கியது. டிசம்பர் நடுவில்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய கொட்டில், ஈரத் தரை, பல்பு இல்லை, யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. ஒரு குட்டி செத்துப் பிறந்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் முக்கியது. மருந்துக்கடை ஒன்றில் போனில் கேட்டதில் ஆக்ஸிடோசின் போடச் சொன்னார்கள். முன்பு மாட்டுக்கு வாங்கியது வீட்டில் இருந்தது. போட்டேன். அரை மணியில் இன்னொன்று போட்டேன். விடியும்போது அது இல்லை. டாக்டர் திறந்து பார்த்தபோது, இடுப்பெலும்பில் ஒரு பெரிய குட்டி குறுக்கே அடைத்திருந்தது, கருப்பை கிழிந்திருந்தது.

இதை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்: ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருக்கும். பாதை அடைத்திருக்கும்போது சுருக்கினால் குட்டி வெளியே வராது, கருப்பை கிழியும். இளம்பெட்டைக்கு இடுப்பு குறுகலாக இருப்பதால், அடைப்புதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். உள்ளே கை விட்டுப் பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் சொல்லாமல் அந்த ஊசியைத் தொடாதீர்கள்.

கை விட்டுப் பார்க்க டாக்டர் போனில் சொன்னால்: சின்னக் கை உள்ளவர், நகம் வெட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வழுவழுப்புக்குரிய ஜெல் தடவி, விரல்களைக் குவித்து மெதுவாக. முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். நுழையவில்லை என்றால் திணிக்காதீர்கள், அறுவைச் சிகிச்சைதான் வழி.

குட்டி வந்தவுடன் மூக்கையும் வாயையும் துடைத்து, உடம்பைத் தேய்த்து உலர்த்தி, தொப்புளைக் கட்டி அயோடின் தொட்டு, பல்புக்குக் கீழே வையுங்கள். சில இளம்பெட்டைகள் வலியில் மிரண்டு தன் குட்டியையே கடிக்கும். அப்படி ஒன்றைக் கடித்தாலும், ஈன்று முடியும் வரை எல்லாவற்றையும் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, அது அமைதியாகப் படுத்த பிறகு ஒவ்வொன்றாகக் காம்பில் விடுங்கள். ஆனால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி நாலு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழுந்ததை அப்போதே எடுத்துப் புதையுங்கள்.

9. பால் கொடுக்கும் காலம்

இளம்பெட்டைக்குக் குட்டி குறைவாகத்தான் இருக்கும். எங்கள் 74 கிலோ பெட்டை டிசம்பர் 13-இல் ஏழு ஈன்றது, ஆறு தங்கியது. பால் பற்றாமல் குட்டிகள் வீறிட்டுக்கொண்டே இருந்தால், வெதுவெதுப்பான பசும்பாலை இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டில் ஊற்றிப் பழக்குங்கள். பக்கத்தில் யார் வீட்டிலாவது மாடு ஈன்றால் அந்தச் சீம்பாலை ஃப்ரீசரில் வைத்திருப்பது நல்லது. மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி, 200 மில்லிகிராம். சிமெண்டுக் கொட்டிலில் வளரும் குட்டிக்கு இது தவறவே கூடாது.

தாய்க்கு 2 கிலோவும், குட்டிக்கு 400 கிராம் வீதமும் என்று கணக்கு. ஆறு குட்டிக்கு 4.4 கிலோ. இளம்பெட்டையின் வயிற்றில் அவ்வளவு ஒரே வேளையில் போகாது. தண்ணீரில் பிசைந்து நாலு வேளையாகக் கொடுங்கள். தண்ணீர் நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஈன்ற மூன்று நாளுக்குள் தீனி எடுக்காமல், மடி கல்லாக, உடம்பு சுட்டால், அன்றைக்கே டாக்டர்.

வழக்கமாக எட்டு வாரம் பால் குடிக்க விடுவார்கள். இதற்கு ஆறு வாரம் போதும். இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டிகளுக்குத் தனித் தீவனம் பழக்கினால் ஆறாவது வாரத்தில் சிரமமில்லை.

காட்டுப்பன்றி இறங்கும் தோட்டத்தில் பெட்டையை மேயவிடுபவர்கள் ஒன்று கவனியுங்கள். குட்டிகள் உடம்பில் நெடுக வரி வரியாகப் பிறந்தால் தகப்பன் காட்டுப்பன்றியாக இருக்கலாம். நோய்க்கு அதுவே வாசல். மறைக்காமல் மருந்தகத்தில் சொல்லுங்கள்.

10. மீண்டும் எப்போது சேர்ப்பது

குட்டி பிரித்த நாலு முதல் ஏழு நாளில் பருவத்துக்கு வரும். அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். விடாமல் சேர்த்தால் இரண்டாவது ஈத்தில் இன்னும் குறைவாகத்தான் ஈனும், சில சினையே பிடிக்காது. ஒரு சுழற்சி தள்ளும் 21 நாளில், நாளுக்கு 3 கிலோ வரை நல்ல தீனி போட்டால் உடம்பு தேறும்.

எங்கள் பெட்டைக்கு ஜனவரி 24-இல் குட்டி பிரித்தோம். ஜனவரி 29-இல் பருவம் வந்தது, விட்டோம். பிப்ரவரி 19-இல் வந்தபோது டேப்பில் 101 கிலோ. டாக்டர் இன்னும் ஒரு முறை தள்ளச் சொன்னார். மார்ச் 12-இல் 112 கிலோ. வேறு ரத்த வழி ஆண் பன்றியிடம், அதுவும் தடுப்பூசி போட்டு நோயில்லை என்று தெரிந்த பண்ணையில், சேர்த்தோம். சகோதரனைக் கறிக்கு விற்றாயிற்று.

இப்போது வாங்கும் ஆண் குட்டிகளை மூன்று வாரத்துக்குள் காயடித்துத் தரச் சொல்லித்தான் முன்பணம் கொடுக்கிறேன். காயடிக்காததாக இருந்தால் மூன்று மாதம் நிறையும் நாளில் தனிக் கொட்டில். கொட்டில் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் ஜூலை 4-ஐ வட்டமிட்டிருக்கிறேன்.